கைமாறும் இடம்

எங்கள் நெய்வேலி டவுன்ஷிப்பில் யார் எப்போது தூங்க வேண்டும் என்பதை ஷிப்ட்தான் முடிவு செய்யும். அப்பா முதல் அனல்மின் நிலையத்தில் பாய்லர் பகுதியில் இருந்தார். நைட் ஷிப்ட் முடிந்து வந்து சைக்கிளை நிறுத்தும்போது, "ஏன் இவ்ளோ நேரம்?" என்று அம்மா கேட்பார். "லாக் புக் எழுதிட்டு வந்தேன்" என்பதுதான் பெரும்பாலும் பதில். எந்த பேரிங் சூடேறுகிறது, எந்த வால்வு கசிகிறது, எந்த மில்லின் சத்தம் மாறியிருக்கிறது என்றெல்லாம் அடுத்து வருகிறவருக்காக எழுதி வைப்பார். அவர் வந்ததும் வாயாலும் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். பாய்லர் நிற்காது, ஆள்தான் மாறுவார். மாறுகிற அந்தக் கால் மணி நேரத்தில் ஒரு சொல் விடுபட்டால், அடுத்த எட்டு மணி நேரமும் இன்னொருவர் அதற்குப் பாடுபடுவார்.

நான் போனது வேறு வேலைக்கு. சென்னையில் முதலில் எடிட்டிங் அறைகளிலும், பிறகு கம்பாசிட்டிங் அறைகளிலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன். கம்பாசிட்டிங் என்றால், தனித்தனியாக எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து, ஒரே நேரத்தில் எடுத்தது போல ஆக்குவது. எடிட்டர் வெட்டி அடுக்கிய காட்சிகளை அந்த மென்பொருளுக்குள் இறக்கும்போது ஒரு சின்னப் பெட்டி திறக்கும். இம்போர்ட் செட்டிங்ஸ். நொடிக்கு எத்தனை ஃபிரேம்? வேகம் மாற்றியதை அப்படியே கொண்டுவரவா? ஒதுக்கி வைத்த ஷாட்டுகள் வேண்டுமா? இப்படிச் சில கேள்விகள் அதில் இருக்கும். பலரும் படிக்காமலே ஓகே அழுத்திவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பெட்டியைப் பார்த்தாலே அப்பாவின் லாக் புக்தான் நினைவுக்கு வரும்.

தொண்ணூறுகளில் எங்கள் ஊரில் இந்தப் பெட்டிக்குத் தேவையே இல்லை. மெயின் பஜார் பக்கம் ஒரு வீடியோ கடை. பள்ளி விட்டதும் அங்கே போய் நிற்பேன். மேசையில் இரண்டு விசிஆர், நடுவில் பானசோனிக் மிக்ஸர், பக்கத்தில் பெயர் போடுகிற ஒரு கருவி. ஒரு விசிஆரில் கேமரா கேசட் ஓடும், இன்னொன்றில் பதிவாகும். தாலி கட்டும் நேரத்தில் மிக்ஸரின் நெம்புகோலைக் கடைக்கார அண்ணன் மெல்லத் தள்ளுவார். திரை இதய வடிவில் திறந்து, அதற்குள் மணமக்கள் முகம் தெரியும். வெட்டுவதும் அவர்தான், பதிப்பதும் அவர்தான். வேலை கைமாறுவதே இல்லை, அதனால் குறிப்பு எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

அதற்கு ஒரு விலை இருந்தது. டேப்பில் நடுவே ஒரு ஷாட்டை நுழைக்க முடியாது. "மாமா பந்தியில பரிமாறினது வரலையே தம்பி" என்று பெண் வீட்டார் சொன்னால், அந்த இடத்திலிருந்து கடைசி வரை மறுபடி பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் முழுதையும் இன்னொரு கேசட்டுக்கு நகல் எடுத்துச் சரிசெய்ய வேண்டும். விஎச்எஸ் நகல் ஒவ்வொரு முறையும் மங்கும். பட்டுப்புடவையின் சிவப்பு கரையைத் தாண்டி வழியும். மூன்றாவது நகலில் மணப்பெண்ணுக்கு முகமே இருக்காது.

அதே காலத்தில் சென்னையில், சினிமாவில், வேலை கைமாறிக்கொண்டுதான் இருந்தது. பிலிமில் நொடிக்கு 24 ஃபிரேம், ஒரு அடிக்கு 16 ஃபிரேம். எடிட்டர் ஒர்க் பிரிண்டை, அதாவது நெகட்டிவின் நகலை வெட்டுவார். ஒரு காட்சி கரைந்து இன்னொன்றாக வேண்டிய இடத்தில் மார்க்கரால் பிலிமின் மீதே கோடு இழுப்பார். நெகட்டிவ் ஓரத்தில் அச்சான எண்களைப் பார்த்து, எந்த எண்ணில் தொடங்கி எத்தனை ஃபிரேம் கரைய வேண்டும் என்று உதவியாளர் தாளில் எழுதி ஆப்டிகல் பிரிவுக்கு அனுப்புவார். நெகட்டிவை ஒட்டும்போது பக்கத்து ஃபிரேமின் கொஞ்சம் போய்விடும், அதனால் வெட்டுக்கு வெளியே மிச்சம் விட வேண்டும். இன்று நாங்கள் 'ஹேண்டில்' என்று சொல்லி, ஷாட்டின் இருபுறமும் 8 ஃபிரேமோ 12 ஃபிரேமோ கூடுதலாகக் கேட்கிறோமே, அந்தப் பழக்கத்தின் வேர் இந்த மாதிரி இடங்களில்தான் இருக்கிறது.

1994 பொங்கலுக்கு வந்த 'மகாநதி'யை, அவிட் கணினியில் எடிட் செய்யப்பட்ட முதல் இந்தியப் படம் என்பார்கள். அதன் பிறகு பிலிமைத் தொடாமலே வெட்டலாம், எங்கே வேண்டுமானாலும் நுழைக்கலாம், மனம் மாறினால் திரும்பவும் பழையபடி வைக்கலாம். கணினி வெட்டியதை இன்னொரு இடத்துக்குச் சொல்ல ஒரு பட்டியல் வேண்டியிருந்தது. இடிஎல் என்பார்கள். வெறும் எழுத்துக் கோப்பு. எந்த டேப், எங்கே தொடக்கம், எங்கே முடிவு, வெட்டா கரைப்பா என்று வரிவரியாக இருக்கும். பழைய சிஎம்எக்ஸ் 3600 வடிவில் டேப்பின் பெயருக்கு 8 எழுத்துதான் இடம். படத்தைப் பெரிதாக்கியது, நகர்த்தியது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது எதுவும் அதில் வராது.

நான் சென்னைக்குப் போனபோது என் முதல் வேலை அந்தப் பட்டியலைப் பார்த்து ஆப்டர் எஃபெக்ட்ஸ் என்ற கம்பாசிட்டிங் மென்பொருளில் ஷாட்டுகளைக் கையால் அடுக்குவதுதான். ஒரு பாட்டுக்கு இருநூறு வெட்டு இருந்தால் இருநூறையும் வைக்க வேண்டும். இரவில் வைத்து முடிப்பேன். காலையில் எடிட்டர் பல்லவியை மாற்றியிருப்பார், திரும்பவும் முதலிலிருந்து. உலகம் முழுக்க இதே கதைதான் நடந்துகொண்டிருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. அமெரிக்காவில் வெஸ் பிளேட் என்ற எடிட்டரும் நிரல் எழுதத் தெரிந்த அவருடைய தந்தை ஹாரி பிளேட்டும் 2001 வாக்கில் 'ஆட்டோமேட்டிக் டக்' என்ற பெயரில் ஒரு கருவியைக் கொண்டுவந்தார்கள். அவிட்டிலும் பிறகு ஃபைனல் கட்டிலும் வெட்டிய வரிசையை ஆப்டர் எஃபெக்ட்ஸுக்குள் அடுக்கு அடுக்காக அது கொண்டுவந்து வைத்தது. மகனின் கைவலியை அப்பா நிரலால் தீர்த்த கதை அது, எனக்கு மிகவும் பிடித்த கதை. 2011இல், ஆப்டர் எஃபெக்ட்ஸை உருவாக்கும் அடோபி நிறுவனம் அந்தத் தொழில்நுட்பத்தைத் தன்னிடம் கொண்டுவந்து, அடுத்த ஆண்டின் பதிப்பிலிருந்து மென்பொருளுக்குள்ளேயே சேர்த்தது.

அப்போதுதான் அந்தப் பெட்டி எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது. கையால் வைத்தவரை, ஒவ்வொரு ஷாட்டையும் கண்ணால் பார்த்துத்தான் வைத்தேன். இருநூறும் ஒரே நொடியில் தானாக வந்து விழத் தொடங்கியதும் பார்ப்பது நின்றுபோனது. தவறும் இருநூறாக வந்து விழும் என்பது பிறகே புரிந்தது.

எளிய ஒன்றைச் சொல்கிறேன். ஆப்டர் எஃபெக்ட்ஸில் படங்களின் வரிசையை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் தனிக் கோப்பாக இருக்கும் ஷாட்டை இறக்கினால், மென்பொருள் அதை நொடிக்கு 30 ஃபிரேம் என்று எடுத்துக்கொள்ளும். யாரும் கேட்கவில்லை, அதன் இயல்பு அது. அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு ஏற்ற எண். நம் ஊர் வீடியோ 25, சினிமா 24. பத்து நொடி ஓட வேண்டிய 250 ஃபிரேம், எட்டேகால் நொடி தாண்டியதும் முடிந்துவிடும். கூடவே ஆறில் ஒரு ஃபிரேம் காணாமல் போகும். பார்க்கிறவருக்கு 'ஏதோ தட்டுகிறது' என்று தோன்றும், ஆனால் எது என்று சொல்ல முடியாது. இம்போர்ட் விருப்பங்களில் அந்த ஓர் எண்ணை மாற்றி வைத்தால் போதும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதல் நாள் சொல்லித் தருவது இதைத்தான், வேறு எதையும் அல்ல.

வேகம் இதைவிட மோசம். எடிட்டர் ஒரு சண்டைக் காட்சியில் ஷாட்டை ஒன்றரை மடங்கு வேகமாக்கியிருந்தார். மூலத்தில் 96 ஃபிரேம், வரிசையில் 64 ஃபிரேமாகச் சுருங்கியிருந்தது. நடிகரைத் தூக்கிய கம்பியை அழிப்பது என் வேலை. வேக மாற்றத்தைக் கொண்டுவரும் கட்டத்தில் நான் டிக் செய்யவில்லை. ஷாட் வந்தது, நீளமும் 64தான், சரியாகவே தெரிந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து 64 ஃபிரேமிலும் கம்பியை அழித்தேன். நான் அழித்தது மூலத்தின் முதல் 64. மிச்சம் 32 ஃபிரேம், அதாவது நடிகர் உச்சியில் திரும்பும் முக்கியமான இடம், கம்பியோடு அப்படியே நின்றது. எடிட்டர் வேகத்தை மாற்றிய சேதி எனக்கு எழுதப்படவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்: "உனக்கு முன்னாடி ஷிப்ட் யாரு?"

அந்தக் கேள்விக்குப் பிறகு என் வழக்கம் மாறியது. எடிட்டர் வெட்டிய காட்சியை எண்கள் பொறித்த ஒரு மாதிரிப் படமாக வாங்கிக்கொள்வேன். இறக்கியதும் அதைப் பாதி தெரிகிற மாதிரி மேலே போட்டு, முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை ஓட்டுவேன். ஷாட் பெரிதாகவோ சிறிதாகவோ வந்திருந்தால் உடனே இரட்டை உருவம் தெரியும். நான்கு கே கேமராவில் எடுத்ததை எடிட்டர் பாதி அளவு வரிசையில் தானாகப் பொருந்தவிட்டிருப்பார். இந்தப் பக்கம் அது முழு அளவில் வந்து நடுப்பகுதி மட்டும் தெரியும், ஆளின் தலை வெளியே போய்விடும். எடிட்டர் இன்னும் முடிவெடுக்காமல் மேலே அணைத்து வைத்திருந்த மாற்று டேக், இங்கே உயிர்பெற்று நல்ல டேக்கை மறைத்துக்கொண்டு நிற்கும். நேரக் கணக்கும் இதில்தான் பிசகும். மூன்றாவது ரீல் என்றால் டைம்கோடு மூன்று மணியில் தொடங்குவது சினிமா வழக்கம். இங்கே பூஜ்யத்திலிருந்து தொடங்கவிட்டால், இயக்குநர் சொல்லும் இடம் ஒன்று, நான் பார்க்கும் இடம் வேறொன்று.

தமிழ் எழுத்துக்கென்று தனிப் பாடு. பல ஆண்டுகள் பாமினி மாதிரியான எழுத்துருக்களில்தான் பெயர் போட்டோம். அவை உள்ளே ஆங்கில எழுத்துகள், வெளியே தமிழ் முகம். வரிசை கைமாறும்போது எழுத்துருவின் பெயர் தொலைந்தால், மணமக்கள் பெயர் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாக வந்து நிற்கும். யூனிகோடு வந்த பிறகு வேறு சங்கடம். 'கொ' என்று தட்டினால் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம், நடுவில் ஒரு புள்ளி வட்டம். பின்னால் மென்பொருளின் விருப்பங்களில் தெற்காசிய எழுத்துகளுக்கான பொறி ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ஒழுங்காக வரத் தொடங்கியது. ஆனாலும் நான் தலைப்பை எழுத்தாக அனுப்பச் சொல்வதில்லை. பின்னணி இல்லாத படமாக வாங்கிக்கொள்வேன். அதிலும் ஒரு கேள்வி உண்டு: எழுத்தின் ஓரத்தில் கறுப்பு கலந்திருக்கிறதா, இல்லையா என்று இம்போர்ட்டில் கேட்கும். மாற்றிச் சொன்னால் ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் அழுக்குக் கோடு விழும். அம்மா பார்த்தால் "மை வழிஞ்ச மாதிரி இருக்கு" என்பார், சரியாகவே சொல்வார்.

இனி இன்றைய நெய்வேலி.

2020 பிப்ரவரியில் 'மாஸ்டர்' படப்பிடிப்பு எங்கள் ஊர்ச் சுரங்கத்தில் நடந்தது. வருமான வரித் துறையினர் நடிகர் விஜய்யைப் படப்பிடிப்பிலிருந்து அழைத்துப் போனதும், அவர் திரும்பி வந்த பிறகு வேன்மீது ஏறி ரசிகர் கூட்டத்தோடு செல்ஃபி எடுத்ததும் ஊருக்கெல்லாம் தெரியும். அந்தக் கூட்டத்தில் எங்கள் தெருப் பையன் ஒருவனும் நின்றான். இப்போது அவன் குவார்ட்டர்ஸ் வீட்டின் முன்னறையில், ஒரே கணினியில், டாவின்சி ரிசால்வில் வெட்டி, அதிலேயே இருக்கும் ஃப்யூஷனில் கம்பாசிட்டிங்கும் செய்கிறான். ஃப்யூஷன் 2014இல் பிளாக்மேஜிக் நிறுவனத்துக்குக் கைமாறி, 2018இல் ரிசால்வுக்குள் நுழைந்தது. அடிப்படைப் பதிப்புக்குக் காசு இல்லை. பக்கத்தை மாற்றினால் அடுத்த வேலை, நடுவே பெட்டியும் இல்லை, பட்டியலும் இல்லை. மெயின் பஜார் அண்ணனைப் போல இவனும் ஒற்றை ஆள். முப்பது ஆண்டு சுற்றி வந்து நிற்கும் இடம் அதே ஒற்றைக் கைதான் என்று தோன்றும்போது எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது. இந்த ஊரிலிருந்து அந்த வேலையைச் செய்ய அன்று வழியே இல்லை.

ஆனால் தனக்கு அந்தப் பெட்டியே தேவைப்படாது என்று அவன் சொன்னபோது நான் ஒப்புக்கொள்ளவில்லை. கேள்விகள் எங்கும் போய்விடவில்லை, பார்வையிலிருந்து நகர்ந்திருக்கின்றன. கல்யாணத்தில் கேமரா 25, டிரோன் 30, தாய்மாமன் போனில் எடுத்தது நிமிடத்துக்கு நிமிடம் மாறும் எண்ணிக்கை. மூன்றும் ஒரே வரிசையில் விழும்போது மென்பொருள் ஒரு முடிவெடுக்கிறது, நமக்குச் சொல்லாமல். சென்னையிலிருந்து யாராவது நாற்பது ஷாட் அனுப்பி வேலை கேட்டால் பழைய பெட்டி மறுபடி திறக்கும். அதை இறக்குகிறவன் தனியாக நிரப்பக் கூடாது, வெட்டியவரும் பக்கத்தில் இருந்து நிரப்ப வேண்டும் என்பது என் பிடிவாதம். அவருக்குத்தான் காரணம் தெரியும்.

சென்ற ஆண்டு அவன் ஒரு குறும்படம் எடுத்தான். நெய்வேலி புத்தகக் கண்காட்சியையொட்டி நடக்கும் குறும்படப் போட்டிக்கு அனுப்ப ஆசை. 1998இல் தொடங்கிய கண்காட்சி அது, எங்கள் ஊருக்கு அது இன்னொரு திருவிழா. கதை தொண்ணூறுகளில் நடக்கிறது. ஷிப்டுக்குப் போகும் அப்பா, பின்னால் தெர்மலின் புகை. புகைக்குத்தான் பஞ்சம். சோவியத் உதவியோடு 1962இல் ஓடத் தொடங்கிய, 600 மெகாவாட் தந்த முதல் அனல்மின் நிலையம் 2020 செப்டம்பரோடு ஓய்வு பெற்றுவிட்டது. இணையத்தில் கிடைக்கும் புகையைப் போட்டுப் பார்த்தான். எந்த ஊர்ப் புகையோ, வானத்தில் ஒட்டவே இல்லை.

எங்கள் வீட்டில் அக்காவின் கல்யாண கேசட் இருந்தது. 1996. மாப்பிள்ளை அழைப்பில் கார் திரும்பும்போது, மெயின் பஜார் அண்ணன் கேமராவைச் சட்டென்று மேலே தூக்கியிருப்பார். ஏழெட்டு நொடி சிம்னிகள், வெள்ளைப் புகை, சாயங்கால வானம். ஏன் தூக்கினாரோ தெரியாது. ஓடும் நிலையில் இருக்கும் ஒரு விசிஆரைத் தேடிப் பிடித்து, கேசட்டைக் கணினிக்கு மாற்றினோம்.

முதலில் அவன் பேசாமல் இழுத்து உள்ளே போட்டான். புகை சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகக் கிழிந்து நடுங்கியது. காரில் இருந்த அத்தான் ஒல்லியாகத் தெரிந்தார், அக்காவின் வட்டப் பொட்டு நெட்டுக்குத்தாக நீண்டிருந்தது. "கேசட் கெட்டுப் போச்சு மாமா" என்றான். கெடவில்லை. 720க்கு 576 அளவுள்ள அந்தக் காலத்து வீடியோவின் புள்ளி சதுரம் அல்ல, கொஞ்சம் அகலமானது. மென்பொருள் அதைச் சதுரமாக எண்ணியதால் ஆட்கள் குறுகினார்கள். அன்றைய டேப் ஒரு ஃபிரேமை இரண்டு பாதியாக, ஒற்றைக் கோடுகள், இரட்டைக் கோடுகள் என்று அடுத்தடுத்துப் பதிவு செய்யும். எந்தப் பாதி முதலில் என்று சொல்லாவிட்டால் அசைவு முன்னும் பின்னுமாகத் துடிக்கும். நாங்கள் மாற்றியது டிஜிட்டல் வீடியோ (DV) கருவி வழியாக, அதில் கீழ்ப்பாதிதான் முதலில். புள்ளியின் அகலம் 1.09, கீழ்ப்பாதி முதலில், நொடிக்கு 25ஐ 24ஆக எடுத்துக்கொள்: மூன்று இடத்தில் மாற்றினான். புகை நூற்றுக்கு நான்கு பங்கு மெதுவாக எழும், அது யாருக்கும் தெரியப்போவதில்லை. நடுக்கம் நின்றது. அக்காவின் பொட்டு வட்டமானது. அந்தப் பொட்டை வைத்துத்தான் அளவு சரி என்று உறுதிசெய்தோம்.

வானத்திலிருந்து புகையைப் பிரித்து, புதிய ஷாட்டின் வானத்தில் பதித்தான். முடிந்ததும் அப்பாவை அழைத்து வந்து திரைக்கு முன்னால் உட்காரவைத்தோம். கண்ணாடியை ஏற்றிவிட்டு, இரண்டு முறை ஓட்டச் சொன்னார்.

"இந்தப் பக்கத்து சிம்னில புகை கம்மி பாரு. அன்னிக்கு ஒரு பாய்லர் நிறுத்தியிருப்பாங்க" என்றார்.

பையன் பேனாவை எடுத்தான். ஷாட் எண்ணுக்கு எதிரே, இம்போர்ட் குறிப்புகளுக்குக் கீழே, அதையும் எழுதிக்கொண்டான்.